திரைக்குப் பின்னால் இருந்த கஞ்சி

என் மகளுக்கு மூன்றாவது வயதில்தான் மொட்டை போட்டோம். முதல் வயதிலேயே போட்டிருக்க வேண்டும். அந்த வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தே கழிந்துவிட்டது. இரண்டாவது வயது ஆகாது, ஒற்றைப்படை வயதுதான் ஆகும் என்றார்கள். அதனால் மூன்று வரை காத்திருந்தோம். காத்திருந்த காலமெல்லாம் அந்த ஒரு நாளை நினைத்து எனக்குப் பயம். மொட்டையை நினைத்து இல்லை, காது குத்துவதை நினைத்தும் இல்லை. என் கணவர் வழிக் குலசாமி கோயிலில் படைப்பு போட்டுத் தீபம் காட்டும்வரை பெரியவர்கள் யாரும் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் வேறு சாப்பாட்டை அந்த இடத்துக்குக் கொண்டுபோகும் வழக்கமும் கிடையாது. காலையில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஊட்டிக் கூட்டி வருவார்கள். அதற்குப் பிறகு படைத்த பொங்கல்தான். மற்ற பிள்ளைகளுக்கு அது போதும். என் மகளுக்குப் போதாது.

அவளால் வெறும் வயிற்றோடு இருக்க முடியாது. பசி தாங்கமாட்டாள் என்ற பொருளில் சொல்லவில்லை. பசியைத் தாங்குவாள், சிணுங்கக்கூட மாட்டாள். அப்படியே தூங்கிப்போவாள். அதுதான் ஆபத்து.

இது எங்களுக்குத் தெரியவந்தது அவள் நடை பழகிய சமயத்தில். ஒரு நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும். எங்கள் பக்கம் வயிறு கெட்டால் வயிற்றைக் காயப்போடுவார்கள். சீரகத் தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்காமல் விட்டால் தானாகச் சரியாகும் என்பது கணக்கு. எனக்கும் சின்ன வயதில் அப்படித்தான் செய்தார்கள், சரியாகவும் போனது. அவளுக்கும் அப்படியே செய்தோம். மதியம் தூக்கிப் பார்த்தால் நனைந்த துணி மாதிரி கை கால் தொங்கின. கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண்ணைத் திறந்தாள். வெறும் சர்க்கரைத் தண்ணீருக்கு இப்படி உயிர் வருகிறதே என்று அங்கிருந்த டாக்டருக்குச் சந்தேகம் வந்து, திருநெல்வேலிக்கு அனுப்பினார். அங்கே குதிகாலில் குத்தி, கெட்டியான ஒரு தாளில் ரத்தச் சொட்டுகளை வாங்கி, வெளியூருக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று அந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, “சொந்தத்துலயா கல்யாணம்?”

“அத்தை மகன்” என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் இன்றுவரை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“பிள்ளை சாப்பிடுறது எல்லாம் நல்லாத்தான் செரிக்குது. சாப்பிடாம இருக்கிற நேரந்தான் பிரச்சினை” என்றார்.

நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். பரீட்சைக்கு மைட்டோகாண்ட்ரியா படம் வரைந்து, உள்சவ்வின் மடிப்புகளைப் பென்சிலால் நிழல் போட்டுக் காட்டி, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ‘செல்லின் ஆற்றல் நிலையம்’ என்று கீழே எழுதிக் கோடிட்டேன். கோடிட்டதோடு சரி. நான் எழுதிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் என் விரல்கள் அசைவதற்கான ஆற்றலை அதேதான் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது என்று ஒரு நிமிடமும் நினைத்ததில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துதான் அந்தப் பாடத்தை உண்மையில் படித்தேன். சோறோ கருப்பட்டியோ எதைச் சாப்பிட்டாலும், மாவும் இனிப்பும் கடைசியில் குளுக்கோஸாகி ரத்தத்தில் ஓடும். செல் அதை உள்ளே எடுத்து இரண்டாக உடைக்கும். உடைந்தது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், நாம் இழுக்கிற மூச்சுக்காற்றின் ஆக்சிஜனோடு படிப்படியாக எரியும். எங்கள் ஊர்ப்பக்கம் தீப்பெட்டிக் கட்டு ஏற்றாத லாரி இல்லை. ஒரு தீக்குச்சி தன்னிடம் உள்ளதை எல்லாம் ஒரே உரசலில் கொடுத்துவிடும். செல் அப்படி எரித்தால் நாம் வெந்துபோவோம். அது கொஞ்சம் கொஞ்சமாக எரித்து, வருகிற ஆற்றலை ஏ.டி.பி. என்ற சின்ன மூலக்கூறில் பிடிக்கிறது. இதயம் துடிக்க, கண் இமைக்க, மூளை விழித்திருக்க எல்லாவற்றுக்கும் அந்த ஏ.டி.பி. வேண்டும். அதைச் சேர்த்து வைக்க முடியாது. செய்யச் செய்யத் தீரும். செய்துகொண்டே இருக்க வேண்டும்.

சாப்பாடு நின்றுபோனால்? கல்லீரலில் கொஞ்சம் சர்க்கரை இருப்பு உண்டு. சின்ன உடம்பில் அது சில மணி நேரம் வரும். அது தீரும்போது உடம்பு கொழுப்பைக் கரைக்க ஆரம்பிக்கும். கொழுப்பு ஒரு நீளச் சங்கிலி. அதை இரண்டிரண்டு கார்பனாக நறுக்கி எரிக்க, நீளத்துக்கு ஏற்ற மாதிரி தனித்தனி நொதிகள் இருக்கின்றன. என் மகளிடம் நடுத்தர நீளத்தை நறுக்குகிற நொதி வேலை செய்யவில்லை. கொழுப்பு பாதி வழி வந்து நின்றுவிடும். மூளைக்குப் போக வேண்டியது போகாது. நறுக்காமல் தேங்கியது வேறு கெடுதல் செய்யும்.

வீட்டுக்கு வந்து இதை என் கணவரிடம் விளக்கினேன். அவர் மானாவாரியில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “நம்ம காடு மாதிரின்னு சொல்லு. மழை நின்ன பொறவும் கரிசல்ல ஈரம் கெடக்கும், பயிரு அத வச்சு நின்னுக்கிடும். இவளுக்கு ஈரம் கெடக்கு, வேருக்கு எடுக்கத் தெரியல” என்றார். எடுக்கத் தெரிகிறது, பாதிக்கு மேல் நறுக்கத்தான் முடியவில்லை என்று திருத்தப் போனேன். பிறகு விட்டுவிட்டேன். திருத்தியிருக்க வேண்டுமோ என்று இன்னும் தோன்றும்.

மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும் என்று படித்திருந்தேன். அதனால் கொஞ்ச நாள், இது முழுக்க என்னிடமிருந்து போனது என்றே நினைத்திருந்தேன். டாக்டரம்மா இல்லை என்றார். அந்த நொதிக்கான குறிப்பு செல்லின் உட்கருவில் இருக்கிறதாம். பழுது என்னிடமிருந்து ஒன்று, என் கணவரிடமிருந்து ஒன்று. எனக்கு ஆறுதலாக இல்லை. பாதி என்னுடையதுதானே.

விதி ஒன்றுதான். பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. வாந்தி, காய்ச்சல் என்றால் அவ்வளவும் கூடாது. தேங்காய் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் வேண்டாம். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற கருவி ஒன்று வாங்கினோம். ஆனால் அதில் எண் சரியாக இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாதாம். எண் குறைவதற்கு முன்பே உடம்பு தடுமாற ஆரம்பித்திருக்கும்.

சிரமம் என்னவென்றால் பார்க்க அவளுக்கு ஒரு குறையும் தெரியாது. கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி இருக்கும். “இந்தப் பிள்ளைக்கா சீக்கு?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அத்தை, அதாவது என் மாமியார், எல்லாருக்கும் பதில் சொல்லிச் சலித்துப்போய், “என் மருமக படிச்சவல்லா, அவளக் கேளுங்க” என்று கைகாட்டிவிடுவாள். அது பெருமையா குத்தலா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

மாசி மாதம் நாள் குறித்தார்கள். கோயில் புதூர்ப் பக்கம், ஊரை விட்டுத் தள்ளி, காட்டுக்கு நடுவில். மேற்கூரை இல்லாத நான்கு சுவர், ஒரு பீடம், பக்கத்தில் உடைமரம். நான் ஒரு ஃபிளாஸ்கில் கருப்பட்டி கலந்த அரிசிக் கஞ்சியும், வாழைப்பழமும், பிஸ்கட்டும், குளுக்கோஸ் டப்பாவும், சர்க்கரை பார்க்கிற கருவியும் எடுத்து வைத்தேன். வழக்கமாக இவற்றை ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையில்தான் வைப்பேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு, “நல்ல நாளும் அதுவுமா சாமி கோயிலுக்கு ஆஸ்பத்திரிப் பையத் தூக்கிட்டா வருவ? வேற பையில போடு” என்றாள். நியாயமாகத்தான் பட்டது. ஏதோ கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சள் பை ஒன்றில் எல்லாவற்றையும் மாற்றினேன்.

விடியும்போதே அவளுக்கு ஊட்டிவிட்டுத்தான் கிளம்பினோம். வேன் குலுங்கிய குலுக்கலில் பாதி வழியிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். எவ்வளவு வெளியே வந்தது, எவ்வளவு உள்ளே நின்றது என்று தரையைப் பார்த்து நான் கணக்குப் போட்டதை என் கணவரின் அக்கா, மதினி, கழுகுமலையில் கட்டிக்கொடுத்தவள், பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். “ஏளா, அதப் போயா உத்துப் பாக்க?”

உடனே கொஞ்சம் கஞ்சி கொடுத்தேன். இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. சரி, மொட்டையும் காதும் முடிந்ததும் கொடுக்கலாம் என்று மூடி வைத்தேன்.

இறங்கியதும் அவளை நான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. முடி இறக்கும்போது கத்தினாள். காது குத்தும்போது அதைவிடக் கத்தினாள். தாய்மாமனான என் அண்ணன் மடிக்கு மாற்றியும் அழுகை நிற்கவில்லை. அழுதே ஓய்ந்து, சந்தனம் பூசிய தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் கஞ்சிப் பையைத் தேடினேன். வேன் நின்ற இடத்தில் வேன் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற பங்காளிகள் வந்த பஸ் தாமதமாகிவிட்டதால், அவர்களைக் கூட்டிவரப் போயிருந்தது.

“மதினி, என் பை எங்க?”

“எந்தப் பை?”

“மஞ்சப் பை. ஃபிளாஸ்க் இருந்துச்சே.”

“எல்லாம் மஞ்சப் பைதானட்டி. தேங்கா, பழம், அரிசி எல்லாம் அதுலதான வந்துச்சு. நாந்தான் பொறுப்பா எல்லாத்தையும் எடுத்து உள்ள வச்சேன்.”

உள்ளே என்றால் பீடத்துக்கு முன்னால். அங்கே படைப்பு போட்டாகிவிட்டது. பொங்கல் பானை, மாவிளக்கு, பழம் எல்லாம் வாழையிலையில் வைத்து, பூசாரி முன்னால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார். திரை போட்டால் அது சாமி சாப்பிடுகிற நேரம். மூத்த பங்காளியான என் கணவரின் பெரியப்பா வந்து தீபத் தட்டைத் தொட்டுக் கொடுத்தால்தான் திரையை விலக்குவார்கள். பெரியப்பா அந்த வேனில்தான் வர வேண்டும்.

நான் மகளைப் பார்த்தேன். தூங்கியிருந்தாள்.

“பாப்பா” என்றேன். அசையவில்லை. உள்ளங்காலைச் சுரண்டினேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து, என்னைப் பார்த்தாளா வேறெதையாவது பார்த்தாளா தெரியவில்லை, மூடிக்கொண்டாள். கழுத்தில் வேர்த்திருந்தது. எனக்கும் வேர்த்திருந்தது, வெயில் அப்படி. மக்காச்சோளம் அறுத்த காடு நாலா பக்கமும் வெடித்துக் கிடந்தது. அவள் கன்னம் சில்லென்று இருந்த மாதிரி பட்டது. சந்தனம் பூசியதால் இருக்கலாம். அழுத களைப்பாக இருக்கலாம். அதிகாலையில் எழுப்பியதாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்களுக்கு அடியில் இன்னொன்றும் இருக்கலாம்.

“பிள்ளைய எழுப்பாத. காது வலி மறந்து தூங்குது” என்றாள் ஒரு சித்தி.

பூசாரியிடம் போனேன். “அண்ணாச்சி, என் பை ஒண்ணு உள்ள மாட்டிக்கிடுச்சு. படைப்பு இல்ல, பிள்ளைக்குக் கஞ்சி. எடுத்துத் தாங்க.”

“திரை போட்டாச்சே தாயி. உள்ள போனதெல்லாம் இப்ப சாமியோடது. பெரியவர் வந்துரட்டும்.”

“எவ்வளவு நேரமாகும்?”

“வேன் புதூர் தாண்டிருச்சுங்காக.”

என் கணவர் சட்டையில்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அடுப்புச் சாம்பலை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவரைத் தனியே கூப்பிட்டேன். “வாந்தியெடுத்த பிறகு ரெண்டு வாய்தான் உள்ள போயிருக்கு. எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்கா.”

அவர் அவளைத் தொட்டுப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். “கால் மணி நேரம் பொறுப்போம்ட்டி. வந்துருவாக. தூக்கமாத்தான் தெரியுது.”

“தூக்கமில்லன்னா?”

அவர் வேன் வரும் பாதையைப் பார்த்தார். அங்கே கடை கிடையாது. வெல்லம் முழுக்கப் பானைக்குள் போயிருந்தது. விரதம் என்பதால் யார் கைப்பையிலும் ஒரு மிட்டாய்கூட இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். இனிப்பென்று அந்தக் காட்டில் இருந்ததெல்லாம் அந்த வேட்டிக்குப் பின்னால்தான் இருந்தது.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவள். அதைச் சொல்லிவிட வேண்டும். படித்ததால் துணிந்தேன் என்று பிறகு பேசினார்கள், அப்படி இல்லை. அந்தத் திரையைத் தொட்டால் சாமி குற்றம் அவள் மேல்தான் வரும் என்றும் நினைத்தேன். தொடாவிட்டால் என்ன வரும் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நம்பினேன். மகளை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு, பூசாரி தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரம், குனிந்து உள்ளே போனேன்.

மாவிளக்குத் திரி எரிந்துகொண்டிருந்தது. நெய்யும் புகையும் கலந்த வாசம். சுவரோரமாக மஞ்சள் பைகள் வரிசையாக, எல்லாவற்றிலும் யார் யாரோ கல்யாணப் பெண் மாப்பிள்ளைப் பெயர்கள். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். தேங்காய். தேங்காய். அரிசி. பிறகு ஃபிளாஸ்கின் உருட்டு கையில் பட்டது. “கோபம்னா என்னையக் கேளு, அவளக் கேட்காத” என்று பீடத்தைப் பார்த்துச் சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது அத்தை தலையில் கையை வைத்தாள். “என்ன காரியம் பண்ணுத! ஏலே, ஒம் பொண்டாட்டியப் பாருலே!”

நான் யாரையும் பார்க்கவில்லை. குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து, விரலில் தொட்டு அவள் உதட்டுக்குள் தடவினேன். நாக்கு அசைந்தது. கன்னத்தைத் தட்டித் தட்டி, தலையைத் தூக்கிப் பிடித்து, கரண்டியில் கொஞ்சமாக விட்டேன். விழுங்கினாள். இன்னொரு கரண்டி. விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சுளித்து, கண்ணைத் திறந்து, “காது எரியுதும்மா” என்று அழ ஆரம்பித்தாள். இரண்டு கையாலும் ஃபிளாஸ்க் மூடியைப் பிடித்துக்கொண்டு கஞ்சி முழுவதையும் குடித்தாள்.

“பாத்தியளா” என்றாள் மதினி. “தூங்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?”

அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம். கருவியில் பார்த்திருந்தால் ஒரு எண்ணாவது கிடைத்திருக்கும். கஞ்சியைக் கையில் எடுத்ததும் அந்த நினைப்பே வரவில்லை. இன்றுவரை எனக்கு விடை தெரியாது. வெறும் தூக்கத்துக்காகச் சாமி சாப்பாட்டைக் கெடுத்தேனா, இல்லை அது தூக்கமே இல்லையா?

பூசாரி திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குச் சலிப்புதான் அதிகமாக இருந்தது. படைப்பு கலைந்ததாகத்தான் கணக்கு. பானையை இறக்கி, தரையைக் கழுவி, புதிதாகப் பொங்கல் வைத்து, மறுபடி படைக்க வேண்டும் என்றார். வேன் வந்து நின்றது. திருப்பூர்க்காரர்கள் பசியோடு இறங்கி, இன்னும் ஒரு மணி நேரமாகும் என்று கேட்டதும் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

“யாரு பண்ண வேல இது?” என்றார் பெரியப்பா.

“நாந்தான் எடுத்துக் குடுக்கச் சொன்னேன்” என்றார் என் கணவர். அவர் சொல்லவில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். பெரியப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் என் கணவரை முறைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

நான் உடைமர நிழலில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இத்தனை பேர், முந்தின நாள் இரவுச் சாப்பாட்டோடு நிற்கிறவர்கள். விறகு பொறுக்குகிறார்கள், தண்ணீர் சுமக்கிறார்கள், குரலை உயர்த்தி என்னை வைகிறார்கள். இத்தனைக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அவர்கள் கல்லீரல் இருப்பு எப்போதோ வற்றிப்போக ஆரம்பித்திருக்கும். இப்போது அவர்கள் உடம்பில் கொழுப்பு கரைந்து, இரண்டிரண்டாக நறுக்குப்பட்டு, யாரும் கேட்காமலே எரிந்துகொண்டிருக்கிறது. அத்தை அடுப்பை ஊதி ஊதி இருமினாள். அந்த ஊதலுக்கும் அதேதான். அவள் இடுப்புச் சதையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. அந்த நொதியில் கொஞ்சம், ஒரே கொஞ்சம், இவளுக்குக் கிடைத்திருக்கக் கூடாதா?

பிறகு, நான் அத்தையின் தம்பி பெண்தானே, எங்கள் இரண்டு பேர் உடம்பிலும் ஒரே பழுதின் பாதி இருக்கலாமே என்ற நினைப்பு வந்தது. பொறாமை போய், இந்தக் கூட்டத்தில் இன்னும் எத்தனை பேரிடம் அது இருக்கிறதோ என்று வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது.

இரண்டாவது பானை, வெல்லமில்லாத வெண்பொங்கல், பொங்கியது. குலவை போட்டார்கள், முதல் தடவை அளவுக்குச் சத்தமில்லை. இலை போட்டுப் படைப்பு வைத்தார்கள். பைகளை மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். பூசாரி வேட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, கட்டுவதற்கு முன் என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“ஏத்தா, திரை போடப் போறேன். ஒம் பிள்ளைக்குக் கஞ்சி, கிஞ்சி ஏதும் உள்ள கெடக்கா, இப்பமே பாத்துக்கோ. மூணாவது பானைக்கு அரிசி கெடையாது.”

திருப்பூர்க்காரர்கள் சிரித்தார்கள். மதினியும் சிரித்தாள். “இங்க ஒரு பய உசுரு போகுதுன்னு வயித்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கான், அவனுக்கும் ரெண்டு பிஸ்கட்டு எடுத்துக் குடு” என்று யாரோ சொல்ல, சிரிப்பு இன்னும் பெரிதாகியது.

மஞ்சள் பை என் மடியில்தான் இருந்தது. பிஸ்கட், வாழைப்பழம், குளுக்கோஸ் டப்பா எல்லாம் அதற்குள்தான் இருந்தன; கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் தொட்டுப் பார்த்திருந்தேன். ஆனாலும் எழுந்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர்கள் சிரிப்புக்கு நடுவே உள்ளே போய், சுவரோரம் இருந்த ஒவ்வொரு பையிலும் கையை விட்டுப் பார்த்தேன்.